மான் வேட்டைக்கு நாள் குறிக்கும் முன் கணக்கைக் காட்டுங்கள்



நவம்பர் பிறந்தால் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து சில படங்கள் வரும். ஆரஞ்சு நிற மேல்சட்டை, தோளில் துப்பாக்கி, காலடியில் கொம்பு விரித்த மான். கீழே, "இன்று மான் சீசன் திறந்தது" என்று ஒரு வரி. குடும்பக் குழுவுக்கு வந்த படம் மறுநாள் ஊர்க் குழுவுக்குப் போகும். அதற்கு மறுநாள் டீக்கடை பெஞ்சில் தீர்ப்பாகவே வந்து உட்கார்ந்துவிடும்: "அங்கே அரசாங்கமே நாள் குறித்துச் சுடச் சொல்கிறது. இங்கே மானைத் தொட்டால் ஜெயில். கடலையும் உளுந்தும் போட்டவன் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டுமா?"

இப்படிக் கேட்பவர்களை நான் ஏளனம் செய்ய மாட்டேன். காட்டோரத்தில் நிலம் வைத்திருப்பவனுக்கு ஒரு ராத்திரியில் முக்கால் ஏக்கர் பயிர் போவது என்றால் அந்த வருஷத்து வட்டி போவது என்று அர்த்தம். அதே குழுவில் எதிர்க்கட்சியும் உண்டு. "மான் சாதுப் பிராணி. வாயில்லா ஜீவன். அதைத் தொடவே கூடாது, பேசவே கூடாது" என்று கைகூப்பும் படங்களோடு வருவார்கள். பெரும்பாலும் இவர்களுக்கு நிலம் இருக்காது.

இரண்டு கட்சியோடும் எனக்குச் சண்டை உண்டு. காரணம் ஒன்றுதான். இரண்டு பேர் கையிலும் கணக்கு இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கப் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்திய குமாஸ்தா நான். இருப்பு எவ்வளவு என்று தெரியாமல் "வழங்கலாம்" என்று குறிப்பு எழுத முடியாது. "வழங்கக் கூடாது" என்றும் எழுத முடியாது. மான் விஷயத்தில் மட்டும் இருப்புப் பதிவேட்டைத் திறக்காமலேயே இரண்டு குறிப்பும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

படத்தில் தெரியாத பாதி

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் பாடப் புத்தகங்களில் வேட்டை அடிக்கடி வரும். இலையுதிர் காலம் தொடங்கும்போது வேட்டை திறக்கும் நாளை அவர்கள் 'உவெர்த்யூர்' என்பார்கள். திறப்பு என்று பொருள். மார்செல் பாஞ்ஞோல் 1957-இல் வெளியிட்ட பால்ய நினைவு நூலில் அந்தத் திறப்பு நாள்தான் கதையின் உச்சம். அங்கே சுடப்படுவது மான் இல்லை, மலைக் கவுதாரி. ஆனாலும் நமக்குப் பொங்கல் எப்படியோ அப்படி அந்த நாளைக் குழந்தைகள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அதைப் படித்து வளர்ந்ததால், துப்பாக்கி எடுத்தவன் எல்லாம் பாவி என்று எடுத்த எடுப்பில் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

ஆனால் அந்தப் படத்தில் துப்பாக்கி தெரிகிறது, துப்பாக்கிக்குப் பின்னால் இருக்கும் காகிதம் தெரிவதில்லை. பிரான்சில் 1963-இல் ஒரு சட்டம் வந்தது. 'பிளான் த ஷாஸ்' என்று பெயர், வேட்டைத் திட்டம் என்று சொல்லலாம். ஒரு பகுதியில் இந்த வருஷம் எத்தனை மான் எடுக்கலாம் என்று முன்கூட்டியே எண் தீர்மானிக்கப்படும். அந்த எண்ணுக்குத் தக்கபடி எண் பொறித்த வளையங்கள் கொடுக்கப்படும். சுட்ட மானை விழுந்த இடத்திலிருந்து நகர்த்துவதற்கு முன் அதன் காலில் வளையத்தைப் பூட்ட வேண்டும். வளையம் தீர்ந்தால் அந்த வருஷம் வேட்டை தீர்ந்தது. வளையம் இல்லாத மான் திருட்டு மான்.

துப்பாக்கி பிடிக்க வேண்டுமானால் முதலில் பரீட்சை எழுதித் தேற வேண்டும். இதைவிட முக்கியமான ஒன்றை நம் டீக்கடை வக்கீல்கள் சொல்வதே இல்லை. பிரான்சில் மானும் காட்டுப்பன்றியும் பயிரை அழித்தால் விவசாயிக்கு இழப்பீடு கொடுப்பது வேட்டைக்காரர்களின் கூட்டமைப்புகள். அதாவது, சுடும் உரிமை யாருக்கோ சேதத்தின் செலவும் அவருக்கே. இத்தனை ஏற்பாடு இருந்தும் அங்கே காட்டுப்பன்றி வருஷா வருஷம் பெருகித்தான் வந்திருக்கிறது. திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவிலும் இப்படித்தான். 1937-இல் கொண்டு வந்த ஒரு சட்டத்தின்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி வசூலித்து, அந்தப் பணத்தை மாநிலங்களுக்குக் காட்டுயிர் பராமரிப்புக்கென்றே பிரித்துக் கொடுக்கிறார்கள். மான் எண்ணுகிறவனுக்கும் காடு பார்க்கிறவனுக்கும் சம்பளம் அதிலிருந்தும் உரிமக் கட்டணத்திலிருந்தும் வருகிறது. நம் பிள்ளைகள் அனுப்பும் படம் இந்த எந்திரத்தின் கடைசிப் பல்சக்கரம். மீதிச் சக்கரங்கள் ஆபீசுக்குள்ளே சுற்றுகின்றன.

இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் அவர்கள் முன்பே பல இடங்களில் ஒழித்துக் கட்டிவிட்டார்கள். தின்ன ஆள் இல்லாத மந்தை என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டும் ஒரு தீவு உண்டு. அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்று பெயர். 1944-இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படையினர் அங்கே 29 கலைமான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். யுத்தம் முடிந்தது, ஆட்கள் போய்விட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. 1963-இல் அவை சுமார் 6,000. தீவிலிருந்த பாசியையெல்லாம் மேய்ந்து தீர்த்தன. அடுத்து ஒரு கடுங்குளிர். 1966-இல் எண்ணியபோது மிச்சம் இருந்தவை 42. அவற்றையும் சந்ததி உண்டாக்க முடியாத நிலையில் கண்டார்கள். கொஞ்ச காலத்தில் தீவே காலி.

அங்கே யாரும் ஒரு மானைக்கூடப் பாவம் செய்து கொல்லவில்லை. பசி கொன்றது. ஆகவே மந்தையின் எண்ணிக்கையை அளவில் வைப்பது ஜீவகாருண்யத்துக்கு விரோதம் என்று நான் நினைக்கவில்லை. இதுவரைக்கும் டீக்கடை பெஞ்சோடு எனக்குச் சண்டை இல்லை.

அந்தச் சட்டை நமக்கு ஏன் பொருந்தாது

சண்டை இங்கேதான் தொடங்குகிறது. "அப்படியானால் நாமும் ஒரு நாள் குறித்துத் திறந்துவிட வேண்டியதுதானே?"

முதல் பதிலைச் சட்டம் சொல்லவில்லை, மானே சொல்கிறது. ஐரோப்பிய மானுக்குப் பருவம் உண்டு. இலையுதிர் காலத்தில் கிடா கத்தும், கோடை தொடக்கத்தில் குட்டி பிறக்கும். அதனால் குட்டி வளர்ந்த பிறகு வேட்டையைத் திறந்து, சினைப் பருவம் முற்றும் முன் மூட முடிகிறது. நம் புள்ளிமானுக்கு அப்படிக் கறாரான பருவம் கிடையாது. சில மாதங்களில் குட்டி அதிகம், சில மாதங்களில் குறைவு, அவ்வளவுதான். ஒரே மந்தையில் ஒரு கிடாவுக்குக் கொம்பு விழுந்திருக்கும், இன்னொன்றுக்குத் தோல் போர்த்திய இளங்கொம்பு, மூன்றாவதற்கு முற்றின கொம்பு. எந்த மாதம் போனாலும் சினையும் இருக்கும், பால்குட்டியும் இருக்கும். நீங்கள் எந்தத் தேதியைத் திறப்பு நாள் என்று குறித்தாலும் அன்று ஒரு குட்டி தாயில்லாமல் நிற்கும். குளிர் தேசத்து நாட்காட்டியை நம் காட்டில் மாட்ட ஆணி இல்லை.

இரண்டாவது பதில். வேட்டைக்குப் போகிறவன் எதைச் சுட ஆசைப்படுவான்? பெரிய கொம்புள்ள கிடாவை. சுவரில் மாட்டவும் படம் பிடிக்கவும் அதுதானே அழகு. ஆனால் ஒரு கிடா போனால் மந்தை குறையாது. இன்னொரு கிடா அந்த இடத்துக்கு வரும், பெட்டை எல்லாம் வழக்கம்போல் குட்டி போடும். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமானால் பெட்டையைத்தான் எடுக்க வேண்டும். அதற்கு வீரம் வேண்டாம், கணக்கும் கட்டுப்பாடும் வேண்டும். அதில் யாருக்கும் கொண்டாட்டம் இருக்காது. கொண்டாட்டத்துக்காகச் சுடுவது வேறு, மந்தையைப் பராமரிப்பது வேறு. முன்னதைப் பின்னதன் பெயரில் விற்கிறார்கள்.

மூன்றாவது பதில், நம் சொந்தச் சரித்திரம். இது என்னவோ நாம் பார்க்காத புதுமை போலப் பேசுகிறார்கள். உரிமம் கொடுத்து மான் வேட்டையாடும் ஏற்பாடு தமிழ்நாட்டில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. நீலகிரியில் 1879-லேயே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. உரிமம் உண்டு, வேட்டை மூடிய மாதங்கள் உண்டு. அதை நடத்திய துரைமார்கள் தங்கள் பொழுதுபோக்கைக் காப்பாற்றிக்கொள்ளவே அப்படிச் செய்தார்கள் என்றாலும், கட்டுப்பாடு இருந்த அந்த மலையில் கடமானும் வரையாடும் தப்பின.

கட்டுப்பாடு இல்லாத சமவெளியில் என்ன நடந்தது? தமிழகத்துப் பொட்டல்களில் ஒரு காலத்தில் மந்தை மந்தையாகத் திரிந்த வெளிமான் இன்று கோடியக்கரை, வல்லநாடு, கிண்டி, மோயாறுப் பள்ளத்தாக்கு என்று விரல் விட்டு எண்ணும் இடங்களில் ஒதுங்கிக் கிடக்கிறது. அதைத் துரத்திப் பிடித்துத் தின்ற சிவிங்கிப்புலி நாட்டிலிருந்தே அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது. இதற்கெல்லாம் துப்பாக்கி மட்டும் காரணம் இல்லை, மேய்ச்சல் வெளி உழவு நிலமானதும் காரணம். ஆனால் துப்பாக்கி உதவி செய்தது என்பதை மறுக்க ஆள் இல்லை.

1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக்கூட ஒரே நாளில் எல்லா வேட்டையையும் தடுத்த சட்டம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தச் சட்டத்தின் முதல் வடிவில் பெரிய வேட்டை விலங்கு, சிறிய வேட்டை விலங்கு என்று அட்டவணை போட்டு உரிமம் கொடுக்க இடம் இருந்தது. புள்ளிமானும் அந்தப் பெரிய வேட்டைப் பட்டியலில்தான் இருந்தது. 1991-இல் திருத்தம் கொண்டு வந்து அந்த உரிமத்தை எடுத்தார்கள். உரிமம் ஒன்று, சுடப்பட்டது பத்து என்று ஓடிய நாடு இது. பத்தாவது மானின் காலில் வளையம் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க ஆள் போட முடியாத அரசாங்கம், கடையைச் சாத்தியது. அது சரியான முடிவு. இன்று அந்த ஆள் வந்துவிட்டாரா என்று கேட்டுவிட்டுத்தான் கடையைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

நான்காவது பதில், நம் காட்டில் ஓநாய் ஒழிந்த கதை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இன்னும் இருக்கின்றன. ஒரு புலி வருஷத்துக்குச் சுமார் 50 பெரிய இரை விலங்குகளை எடுக்கும். அந்த 50 தடங்கலில்லாமல் கிடைக்க வேண்டுமானால் காட்டில் 500 இருக்க வேண்டும். அந்தக் காட்டில் போய் நாமும் இலை போட்டு உட்கார்ந்தால், பந்தியில் இடம் கிடைக்காத புலி எங்கே வரும்? மாட்டுக் கொட்டகைக்குத்தான்.

"தொடாதே" என்பவர்களுக்கு

இத்தனையும் படித்துவிட்டு எதிர்க்கட்சியினர் கை தட்டத் தொடங்கியிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மானைத் தொடாமல் விட்டால் மான் நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு நடை கிண்டிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கவர்னர் மாளிகைத் தோட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த காடு அது. 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. சுற்றிலும் சாலை, கட்டடம், மதில். பக்கத்திலேயே ஐஐடி வளாகம், அதிலும் மான்கள். அங்கே புலி கிடையாது, சிறுத்தை கிடையாது. ஆனால் மான் கிழத்தனம் வந்துதான் சாகிறதா? நாய் கடித்துச் சாகிறது. வண்டியில் அடிபட்டுச் சாகிறது. பிளாஸ்டிக் பையை விழுங்கிச் சாகிறது. இறந்த மான்களின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக்கை உருண்டை உருண்டையாக எடுத்த செய்தியைப் பத்திரிகைகளில் எத்தனையோ முறை படித்தோம். 2022 மார்ச்சில் ஐஐடி வளாகத்தில் செத்த மானில் ஆந்த்ராக்ஸ் நோய் கண்டறியப்பட்டது. ஆந்த்ராக்ஸ் மனிதனுக்கும் தொற்றும்.

இலங்கையில் திருகோணமலைக்குப் போனவர்கள் கோணேசர் கோயிலுக்குப் போகும் கோட்டை வழியில் புள்ளிமான்கள் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். பார்க்க எவ்வளவு அழகு. அவையும் ஊருக்குள் குப்பை மேய்ந்து பிளாஸ்டிக் தின்கின்றன. பக்தர்கள் கையால் பழம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பழம் வந்த பை கீழே கிடக்கிறது.

இன்னொரு பாடம் அந்தமானில். அங்கே புள்ளிமான் இயற்கையாக இருந்ததில்லை. வெள்ளைக்காரன் வேட்டைக்கென்று கொண்டுபோய் விட்டான். தின்ன மிருகம் இல்லாத தீவு. மான் நீந்தி ஒரு தீவிலிருந்து மறு தீவுக்குப் போகிறது. முளைத்து வரும் கன்றையெல்லாம் கடித்துவிடுவதால் பெரிய மரம் விழுந்தால் அதன் இடத்தில் வாரிசு மரம் எழுவதில்லை. மேலே பார்த்தால் பச்சை, கீழே பார்த்தால் வழித்த தரை. காடு பிள்ளை பெறாமல் கிழமாகிறது. அங்கே மானைத் தொடாதே என்பதும் காட்டை வெட்டு என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த லா ஃபோன்தேனின் கதை ஒன்று இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. தண்ணீரில் தன் நிழலைப் பார்த்த கலைமான் கொம்பை மெச்சி, காலைப் பழித்ததாம். வேட்டை நாய் துரத்தியபோது கால் காப்பாற்றப் பார்த்தது, கொம்பு காட்டில் சிக்கிக் கெடுத்தது. நம் மான் பக்தர்களும் கொம்பைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கால் தண்ணீர் தேடி எந்தச் சாலையைக் கடக்கிறது, எந்தக் கிணற்றில் விழுகிறது, எந்த வயலில் இறங்குகிறது என்று பார்ப்பதில்லை. மானுக்கு பிஸ்கட் போடுவது கருணை என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அந்தக் கையின் வாசனைக்குப் பழகிய மான்தான் நாளைக்கு நாய் வாயில் போகும்.

சட்டமும் "தொடாதே" என்று சொல்லவில்லை. 11-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆளுக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்து என்றால், அல்லது பிழைக்க முடியாத அளவுக்கு நோயோ ஊனமோ கண்டால், எழுத்து மூலமாக, காரணம் காட்டி, இரண்டாம் அட்டவணை விலங்கைச் சுட அனுமதிக்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு அதிகாரம் உண்டு. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு புள்ளிமான் அந்த இரண்டாம் அட்டவணையில்தான் இருக்கிறது. எழுத்து மூலம், காரணம் காட்டி! ஒரு குமாஸ்தாவுக்கு இதைவிட இனிய சொற்கள் உண்டா?

காட்டுப்பன்றி விஷயத்தில் இந்த வழியில் நம் அரசு நடந்தும் காட்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடலாம். இதில் எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு. ஆனால் வரம்பு இருக்கிறது, தூரம் இருக்கிறது, யார் செய்வது என்பது இருக்கிறது. திருவிழா இல்லை, ஆரஞ்சுச் சட்டை இல்லை.

அடங்கலில் மான் எங்கே?

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

கிராமக் கணக்கில் அடங்கல் என்று ஒன்று உண்டு. எந்தப் புல எண்ணில் யார், எத்தனை சென்டில், என்ன பயிர் வைத்தார் என்பது அதில் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஜமாபந்தியில் மேலதிகாரி முன்னால் கணக்கு வைக்க வேண்டும். பயிருக்கு இத்தனை காகிதம் இருக்கிறது. அந்தப் பயிரைத் தின்கிற மந்தைக்கு? எங்கள் பக்கத்துக் கிராமசபை எதிலும் மான் எத்தனை, பன்றி எத்தனை, மயில் எத்தனை என்று இதுவரை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், பயிர்ச் சேத மனுக்கள் என் மேஜை வழியாகப் போகும். மனு வந்த அன்று விவசாயி கையில் கசங்கிய இலையும் கடித்த தண்டும் இருக்கும். பார்வையிட அதிகாரி போகும்போது வயல் மறு உழவு கண்டிருக்கும். "சேதத்துக்கான அடையாளம் காணப்படவில்லை" என்று அறிக்கை வரும். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. கோப்பு நினைவூட்டு மேல் நினைவூட்டாகத் தடித்து, மனுதாரர் மெலிந்து போவார். இரண்டு வருஷம் இப்படி அலைந்தவன் மூன்றாம் வருஷம் மனு எழுத மாட்டான். கம்பிவேலியில் கரண்டைக் கொடுப்பான். அதில் மானும் சாகும், யானையும் சாகும், சில சமயம் பக்கத்து வயல்காரன் பிள்ளையும் சாகும். அந்தச் சாவுகள் மின்சாரக் கணக்கில் எழுதப்படும். உண்மையில் அவை தாமதக் கணக்கில் எழுத வேண்டியவை.

கணக்கு எடுக்க முடியாது என்று சொல்லாதீர்கள். மலை உச்சிப் பாறையில் நிற்கும் வரையாட்டையே தமிழ்நாடு எண்ணிவிட்டது. 2024-இல் மாநிலம் முழுக்க ஒரே சமயத்தில் எடுத்த கணக்கில் 1,031 என்று எண் வந்தது. பாறையில் முடிந்தது பொட்டலில் முடியாதா? முறையும் ஒன்றும் பரம ரகசியம் இல்லை. விடிகாலையில் நேர்கோட்டில் குறித்த தூரம் நடந்து, கண்ட மந்தை எத்தனை, கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றது என்று குறிக்கிறார்கள். கோடையில் தண்ணீர்த் துறையில் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். புழுக்கையை எண்ணியும் கணிக்கிறார்கள்.

மந்தை ஆரோக்கியமாக இருக்கிறதா என்பதற்கும் அடையாளம் உண்டு. பத்துப் பெட்டைக்குக் குட்டி எத்தனை? விலா எலும்பு தெரிகிறதா? மானுக்கு வாய் எட்டும் உயரம் வரை செடியில் இலை இருக்கிறதா, இல்லை கத்தரித்த வேலி மாதிரி ஒரே மட்டத்தில் மொட்டையாக இருக்கிறதா? ஆடு வளர்த்த எந்தப் பாட்டிக்கும் இது தெரியும்.

இதை ஊரார் செய்ய முடியாது என்பவர்களை உத்திரமேரூருக்கு அழைக்கிறேன். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், வெட்டிவைத்த கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. குடவோலைக்காக நாம் பெருமைப்படுகிறோம். ஆனால் அதில் பலரும் தாண்டிப் போகும் ஒரு விதி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவனுடைய உறவினரும் நிற்க முடியாது. ஏரிக்கு வாரியம், தோட்டத்துக்கு வாரியம் என்று வைத்து, கணக்குக் காட்டாதவனின் சொந்தக்காரனைக்கூட ஒதுக்கிய மண் இது. ஆயிரத்து நூறு வருஷம் கழித்து, கணக்கே இல்லாமல் "சுடு" என்றும் "தொடாதே" என்றும் கத்திக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது நான்கு.

ஒன்று, காப்புக்காட்டை ஒட்டிய ஒவ்வொரு ஊராட்சியிலும் வருஷத்துக்கு ஒருமுறை மான், பன்றிக் கணக்கு எடுத்து, ஜனவரி கிராமசபையில் வாசிக்க வேண்டும். எண்ணுவதில் வனத்துறையோடு ஊர்ப் பெரியவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.

இரண்டு, பயிர்ச் சேத மனுவுக்கு ஏழு நாளுக்குள் பார்வை, முப்பது நாளுக்குள் பணம். தாமதித்தால் காரணத்தைத் தாமதித்தவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிரான்சில் சுடுகிறவன் பணம் கட்டுகிறான். இங்கே சுடாதே என்று சொல்வது அரசாங்கம், ஆகவே கட்ட வேண்டியதும் அரசாங்கம். மானை ரசிக்கும் நாமெல்லாரும் கட்டும் வரியிலிருந்துதான் அது போகும். ரசனைக்கு டிக்கெட் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று, காட்டோர ஊர்களில் நாய்களுக்குக் கருத்தடை, குப்பைக் கிடங்குக்கு வேலி, திறந்த கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர், கோடையில் காட்டுக்குள் தண்ணீர்த் தொட்டி. இந்த நான்கில் ஒன்றுக்கும் சட்டத் திருத்தம் வேண்டாம்.

நான்கு, இத்தனையும் செய்த பிறகும் மதில் கட்டி அடைபட்ட இடத்தில் மந்தை காட்டைத் தின்று தீர்க்கிறது என்று கணக்கு சொன்னால், இடம் மாற்றவோ குறைக்கவோ 11-ஆம் பிரிவின்படி வனத்துறையே கால்நடை மருத்துவரை வைத்துக்கொண்டு, எழுத்து மூலமாக, காரணம் காட்டிச் செய்ய வேண்டும். யாரும் கொம்போடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்குக் கைகூப்பும் படம் அனுப்புகிறவர்களும் வழக்குப் போட்டுத் தடுக்கக் கூடாது.

நான் ஓய்வு பெற்று வந்து குடியிருக்கும் திருப்புட்குழி, ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்ததாகத் தலபுராணம் சொல்லும் ஊர். ஜடாயு எதனால் விழுந்தார்? ராவணன் வெட்டியதால் என்பது நேரான பதில். அதற்கு முந்தின பதில், ஒரு மான் அழகாக இருந்தது, எது என்ன என்று விசாரிக்காமல் அதன் பின்னால் ஓடினார்கள் என்பது. இளையவர் சந்தேகப்பட்டார், யாரும் கேட்கவில்லை. மான் விஷயத்தில் விசாரணைக்கு முன் வில் எடுத்ததன் செலவை, சம்பந்தமில்லாத ஒரு கிழட்டுப் பறவை கட்டியது. எங்கள் ஊர்க் குளத்துக்கு அவர் பெயர்தான்.

வேட்டைக்குத் திறப்பு நாள் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு நம் பக்கத்தில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழைய சீவரத்துக்குப் பரிவேட்டைக்கு எழுந்தருள்கிறார். குடை உண்டு, மேளம் உண்டு, வழி நெடுக மண்டகப்படி உண்டு. ஒரு முயலுக்கும் காயம் இல்லை. கொண்டாட்டம் வேண்டுமென்றால் அங்கே வாருங்கள்.

பராமரிப்பு வேண்டுமென்றால் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு விடிகாலையில் காட்டோரம் வாருங்கள். முதலில் எண்ணுவோம். சுடுவதா, விடுவதா, மாற்றுவதா என்பதை அந்த எண் சொல்லட்டும்.